கடைசி அத்தியாயத்தை மாற்றியவன் நான்தான்

மகனே,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் அப்பா எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார், போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் என்றால் நான் பாதியிலேயே பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா, காருக்கு எண்ணெய் மாற்றினாயா என்று போய்விடுவேன். எழுத்தில் அப்படி ஓட முடியாது. செங் ஊரில் தொழிற்சாலைக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தேகாலுக்குப் பெண்கள் வேலை முடிந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இதை உனக்காக மட்டும் எழுதவில்லை. படித்து முடித்ததும் இணையத்தில் இருக்கும் உன் வாசகர் பக்கத்தில் அப்படியே போட்டுவிடு, ஒரு வரியும் விடாதே. போன வாரம் அதே பக்கத்தில், உன் கதையின் முடிவைத் திட்டியவர்களுக்கு நீ ஒரு பதில் எழுதினாய். "என் அப்பா ஓட்டும் பஸ்ஸில் முப்பத்தொரு பெண்கள் ஆறு பாகத்தையும் கேட்டார்கள். அவர்களுக்கு என் முடிவு புரிந்தது. கைதட்டினார்கள். எனக்கு அது போதும்" என்று. அந்தப் பதிலில் ஒரு பொய் இருக்கிறது. பொய் சொன்னது நீ இல்லை, நான். நீ எல்லோருக்கும் முன்னால் எழுதியதால் நானும் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் இருந்து வருகிறேன். பதினெட்டு வயதில் நீ எழுத ஆரம்பித்த கதை 'அலையாத்தி நாடு'. ஆறு பாகம், பன்னிரண்டு வருஷம். கடலோரச் சதுப்புக் காட்டுக்குள் ஒரு ராஜ்யம். சித்தப்பன் கருவாகன் பறித்துக்கொண்ட அரியணையை மீட்கக் கிளம்பும் நெய்தலி என்ற படகோட்டிப் பெண், அவளோடு துடுப்புப் போடும் வேலன், அவள் பேச்சுக்கு மட்டும் அடங்கும் ஒரு வெள்ளை முதலை. சின்ன வயதில் செர்காமுக்கு மீன் வாங்கப் போகும்போது, நண்டு பிடிக்கிறேன் என்று சேற்றில் இறங்கி முட்டிவரை கறுப்பாகி வருவாய். அந்தச் சேற்றில் இருந்து நீ ஒரு நாட்டையே எடுத்துக் கட்டிவிட்டாய். எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் உன் செருப்பு தொலைந்துபோனது மட்டும்தான். மூன்றாம் பாகத்தில் நீர் ஏறும் நேரத்தைக் கணக்கிட்டு நெய்தலி எதிரிப் படையைச் சேற்றில் மாட்டவைக்கும் இடத்தைப் படித்துவிட்டு, இதை எழுதியவன் நம் வீட்டில்தான் வளர்ந்தானா என்று உன் பழைய அறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பெருமைதான்.

நான் ஓட்டுவது தொழிற்சாலை பஸ். காலை ஆறு மணிக்குச் சுங்கை ரம்பாயில் கிளம்பி, மெர்லிமாவ், செர்காம் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு செங் வந்து சேர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலாகும். ஏறுகிறவர்கள் எல்லோரும் பெண்கள், பாதிப் பேர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருவார்கள். உன் முதல் பாகம் வந்தபோது எனக்கு ஓர் ஆசை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஓர் அத்தியாயம் வாசித்துப் போனில் பதிவு செய்தேன். திங்கட்கிழமை அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். முன் சீட்டில் ரோஸ்மேரி அக்கா உட்காருவார். செய்து முடித்த பொருளில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை, அந்தப் பழக்கத்தை அவர் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வருகிறவர் இல்லை. "என்னா தம்பி, காலங்காத்தால ராஜா கதை? பாட்டுப் போடுங்க லா" என்றார். மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே பாட்டுப் போட்டேன். "நேத்து அந்தப் பொண்ணு ஆத்துல விழுந்துச்சே, அது என்னா ஆச்சு?" என்று அதே ரோஸ்மேரி அக்காதான் கேட்டார். அதன் பிறகு எங்கள் பஸ்ஸில் பாட்டு ஓடியதே இல்லை.

உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவர்கள் மறுநாள் வந்து முந்தைய அத்தியாயத்தை மறுபடி போடச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். நான்காம் பாகத்தில் வேலனின் தம்பி செத்த அன்று பின் சீட்டில் நான்கு பேர் அழுது முகம் வீங்கி இறங்கினார்கள். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று அவர்கள் சூப்பர்வைசர் விசாரித்தாராம். செர்காம் சிம்பாங் சந்திப்பில் ஏறும் கல்யாணி, தன் இரண்டாவது பெண்ணுக்கு நெய்தலி என்றே பெயர் வைத்தாள். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் நீ இரண்டு வருஷம் எடுத்துக்கொள்வாய். அந்த இரண்டு வருஷமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, தம்பி எழுதுறாரா, தூங்குறாரா?" என்று கேட்டு உயிரை எடுப்பார்கள். நான் சும்மா சிரிப்பேன். உள்ளுக்குள், எல்லாவற்றுக்கும் கடைசியில் அரியணை இருக்கிறது, அன்றைக்கு இந்த பஸ் எப்படி இருக்கும் என்று நானே நினைத்துப் பார்த்து மகிழ்ந்துகொள்வேன்.

ஆறாம் பாகம் வந்தது. ஓர் எண்ணெய் நிலையத்து ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தி, கடைசி அறுபது பக்கத்தை ஒரே மூச்சில் படித்தேன். போர் முடிகிறது. நெய்தலி ஜெயிக்கிறாள். கருவாகன் பிடிபட்டான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறாய். முதலை தண்ணீரில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போகிறது. சரி, இனி முடிசூட்டு விழா என்று பக்கத்தைப் புரட்டினால், விழா முடிந்துவிட்டது! கடைசி அத்தியாயம் முழுக்க, பெயர்கூட இல்லாத ஒரு சமையல்காரி மரத்தடியில் பானை கழுவிக்கொண்டிருக்கிறாள். ஊர் கலைந்து போன பிறகு பட்டுச் சேலையோடு ஒருத்தி வந்து, கொஞ்சம் சோறு இருக்குமா என்று கேட்கிறாள். அடிச்சட்டியைச் சுரண்டி, ரசம் ஊற்றி, பானை மூடியில் போட்டுக் கொடுக்கிறாள் சமையல்காரி. வந்தவள் சாப்பிட்டுவிட்டு அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். அவள்தான் ராணி. சமையல்காரி மிச்சப் பானைகளைச் சத்தம் வராமல் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். முற்றும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பன்னிரண்டு வருஷம் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டான் என்று நினைத்தேன். புத்தகத்தை ஸ்பானர் பெட்டிக்குள் போட்டு மூடினேன். ஆகையால் உன் பக்கத்தில் உன்னைத் திட்டியவர்களை நீ 'புரியாதவர்கள்' என்று எழுதியபோது, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்பதைத் தெரிந்துகொள். அவர்களும் உனக்கு எதிரிகள் இல்லை. எல்லாவற்றையும்விட நீளமாக உன்னைக் கிழித்து எழுதிய அந்தப் பெண், முதலையின் நெற்றியில் தழும்பு இடப்பக்கமா வலப்பக்கமா என்று நீயே மறந்துபோனதை எடுத்துக் காட்டியிருக்கிறாள். பிடிக்காதவள் அதையெல்லாம் நினைவில் வைத்திருப்பாளா? சாப்பாடு சரியில்லை என்று கத்துகிறவன் பசியோடு வந்து உட்கார்ந்தவன். அவர்களைச் சின்னவர்களாகப் பேசாதே.

அவர்கள் கோபத்தை வெளியில் சொன்னார்கள். நான் செய்தது வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல பஸ்ஸுக்குள் உட்கார்ந்தேன். போர் வரைக்கும் நீ எழுதியபடியே வாசித்தேன். அதற்குப் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, நானே சொல்ல ஆரம்பித்தேன். கருவாகன் படகில் தப்பிக்கப் பார்க்கிறான், வெள்ளை முதலை அவனை முழுங்குகிறது. அந்தச் சத்தம் நான் தொண்டையில் போட்டது, மூன்று தடவை முயற்சி செய்து நான்காவதில் சரியாக வந்தது. பிறகு முடிசூட்டு விழா, ஏழு நாள் விருந்து, வேலனுக்கும் நெய்தலிக்கும் கல்யாணம். நாதஸ்வரமும் என் வாய்தான். சமையல்காரியை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அதைப் போட்டபோது பஸ்ஸே அதிர்ந்தது. ரோஸ்மேரி அக்கா எழுந்து நின்று கைதட்டினார். கல்யாணி மறுநாள் எல்லோருக்கும் குவே பலகாரம் வாங்கி வந்தாள். எல்லோரும் சேர்ந்து என் போனிலேயே உனக்குக் குரல் செய்தி அனுப்பினார்கள்: "தம்பி, முடிவு பிரமாதம் லா! இப்படித்தான் முடியணும்!" எந்த முடிவு என்று உனக்கும் சந்தேகம் வரவில்லை, அவர்களுக்கும் வரவில்லை. நடுவில் நான் ஒருவன்தான் தெரிந்தவன்.

ஏன் செய்தேன் என்று என்னையே பல தடவை கேட்டுவிட்டேன். அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பது ஒன்று. உன்னைத் திட்டுவார்கள், அதை நான் காதால் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. உண்மையைச் சொன்னால், அந்தக் கைதட்டலை நான் பன்னிரண்டு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், அது கிடைக்காமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை. நீ அடுத்த நாள் போன் செய்தாய். இணையத்தில் எல்லோரும் உன்னைப் போட்டுத் தாக்கிக்கொண்டிருந்த நேரம். உன் குரலே சரியாக இல்லை. "அப்பா, பஸ்ஸுல இருக்கறவங்களுக்குப் புரிஞ்சிடுச்சுப்பா. அவங்களுக்காகத்தான் அந்த அத்தியாயத்த எழுதுனேன்" என்றாய். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாய்யா, நல்லா ரசிச்சாங்க" என்றேன் நான்.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, நாளிதழின் ஞாயிறு மாணவர் பகுதிக்கு ஒரு கதை அனுப்பினாய். தபால்காரர் வரும் நேரமெல்லாம் கேட்டிலேயே நிற்பாய். நீ பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு நாள் அந்தக் கதை திரும்பி வந்தது. நீ அழுவாய் என்று பயந்து அதை என் சட்டைக்குள் ஒளித்துவிட்டு, தபாலில் தொலைந்திருக்கும் என்று சொன்னேன். நீ நம்பினாய். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எதுவும் எழுதவில்லை. அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது, இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். கதை நன்றாக இருக்கிறது, முடிவு மட்டும் அவசரமாக இருக்கிறது, திருத்தி மறுபடி அனுப்பவும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறார். உன் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனம் அது. அதை உனக்குக் கிடைக்கவிடாமல் செய்தவன் உன் அப்பா.

மாட்டிக்கொண்டது உன் அம்மாவிடம். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கே தெரியும். எந்தக் கதையாக இருந்தாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத்தான் ஆரம்பத்துக்கு வருவாள். யார் சாகிறார்கள் என்று தெரியாமல் நிம்மதியாகப் படிக்க முடியாதாம். ஆறாம் பாகம் வந்த அன்றே அதைப் படித்திருக்கிறாள். எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ அந்தப் பதிலை எழுதிய இரண்டாம் நாள் சாயங்காலம், பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"முதலை யாரை முழுங்குச்சுங்க?"

நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாஸார்ல கல்யாணியப் பார்த்தேன். கருவாகன முதலை முழுங்குன எடத்துல பஸ்ஸே ஆடிப்போச்சாம். நாதஸ்வரம் நீங்களே வாசிச்சீங்களாம். நான் படிச்ச புஸ்தகத்துல முதலை அது பாட்டுக்குத் தண்ணியில போயிடுது. அந்தச் சமையக்காரி எங்க?"

"அந்த எடம் கொஞ்சம் நீளமா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். "அது யாருன்னு உங்களுக்குத் தெரியல?"

எனக்குத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள். உனக்குப் பத்து வயதில் உன் சித்தப்பாவுக்குக் கல்யாணம், சுங்கை ரம்பாய் தோட்டத்து மண்டபத்தில். சமையலுக்குச் சொல்லி வைத்த ஆள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டதால், உன் அம்மாவும் இரண்டு பெண்களும் சேர்ந்து தோட்டத்து ஜனம் மொத்தத்துக்கும் சமைத்தார்கள். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, பின்பக்க மரத்தடியில் அவள் தனியாகப் பானை கழுவிக்கொண்டிருந்தபோது, கல்யாணப் பெண்ணே பட்டுச் சேலையோடு வந்து நின்றிருக்கிறாள். காலையில் இருந்து போட்டோ, ஆசீர்வாதம், சடங்கு என்று இழுத்தடித்து, ஒருவரும் அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை. "அக்கா, சோறு இருக்கா?" என்று கேட்டாளாம். அடிச்சட்டிச் சோறு, ரசம், பானை மூடி. சாப்பிட்டுவிட்டு அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நீ பக்கத்தில் குந்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேடையில், குடும்பப் போட்டோவில் எங்கள் பக்கத்து ஆட்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று போட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவேதான் உன் புத்தகத்தில் என் பெண்டாட்டியைப் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"பள்ளிக்கூட கேண்டீன்ல இருபத்தாறு வருஷமா சமைக்கிறேன்" என்றாள் உன் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "யாரும் ஒண்ணும் சொன்னதில்ல, நானும் எதிர்பார்த்ததில்ல. என் புள்ள ஆறு புஸ்தகம் எழுதி, கடைசியில ராணிய என்கிட்டக் கொண்டாந்து விட்டான். அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைத் திட்டியது எவ்வளவோ உண்டு. எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை. நான் எழுந்து போய் ஸ்பானர் பெட்டியில் இருந்து புத்தகத்தை எடுத்து வந்து, அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். இந்த முறை அந்தக் கைகளை எனக்கு அடையாளம் தெரிந்தது. பானையை ஒருக்களித்து வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதையும், தூங்குகிறவள் எழுந்துவிடக் கூடாதென்று மூடியைத் துணி வைத்துப் பிடிப்பதையும் நீ எழுதியிருக்கிறாய். நான் தினமும் பார்த்தது, ஒருநாளும் கவனிக்காதது. அரியணை யாருக்கு என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஜெயித்து வந்தவளுக்குப் பசிக்காதா என்று நீ ஒருவன் கேட்டிருக்கிறாய். மகனே, நீ என்னைவிடப் பெரிய மனசுக்காரன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

பள்ளி விடுமுறை ஆனதால் அடுத்து வந்த திங்கட்கிழமை உன் அம்மாவும் என்னோடு பஸ்ஸில் ஏறினாள். செர்காம் சிம்பாங்கில் கடைசி ஆள் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி, மைக்கை எடுத்து, நடந்ததைச் சொன்னேன். பிறகு கல்யாணி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அப்போ அந்த ஏழு நாளு விருந்து?"

"பொய்."

"வேலன் கல்யாணம்?"

"அதுவும்."

"முதலை?"

"நான்தான்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ரோஸ்மேரி அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, எங்களுக்குப் புடிக்காதுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? நாங்க என்னா சின்னப் புள்ளைங்களா, ஊட்டி விடறதுக்கு? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போறோம். அதச் சொல்லக்கூட எங்கள விடலியே நீங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து மடக்கு சீட்டில் இருந்த உன் அம்மா என் கையில் இருந்து மைக்கை வாங்கினாள். "நீங்க வண்டிய ஓட்டுங்க. நான் படிக்கிறேன்" என்றாள்.

அவள் உன்னைப் போலவோ என்னைப் போலவோ வாசிக்கிறவள் இல்லை. சில இடங்களில் நிறுத்தி, எழுத்துக் கூட்டி, மறுபடி ஆரம்பிப்பாள். வண்டி குலுங்கும்போது வரியைத் தவறவிட்டுத் தேடுவாள். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. செங்குக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் மூன்று பக்கம் பாக்கி. மணி ஆகிவிட்டதால் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் அன்று பகல் முழுக்க பஸ்ஸிலேயே இருந்தோம், தப்பாவ் பொட்டலமாக வாங்கிய சோற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் யாரும் தாமதமாக வரவில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் மிச்ச மூன்று பக்கத்தையும் படித்து முடித்தாள்.

இனி உண்மையான கணக்கைச் சொல்கிறேன், உன் பக்கத்தில் இதைப் போடு. முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேருக்குப் பிடித்திருந்தது. எட்டுப் பேருக்குப் பிடிக்கவில்லை. நான்கு பேர் வேலை செய்த களைப்பில் தூங்கிவிட்டார்கள். கல்யாணி பிடிக்காத எட்டில் ஒருத்தி. "என் மகளுக்கு அந்தப் பேர வெச்சிருக்கேன், அவளுக்குக் கிரீடம் வெக்கற எடத்தயாவது காட்டியிருக்கலாம் லா" என்று கண்கலங்கினாள். கல்யாணத்துக்கு வரும்போது உன் முகத்துக்கு நேராகக் கேட்கப் போகிறாளாம், நின்று பதில் சொல். ரோஸ்மேரி அக்கா வெகுநேரம் கழித்து, "என் மக கல்யாணத்தன்னிக்கு நானும் சாப்புடல. வீட்டுக்குப் போயி ரொட்டி தின்னுட்டுப் படுத்தேன். ஒருத்தரும் கேக்கல" என்றார். அவரைப் பிடித்தவர்கள் பக்கம் சேர்த்திருக்கிறேன், சரிதானா என்று நீயே கேட்டுக்கொள். அந்தப் பழைய பதிவு எத்தனை பேர் போனுக்குப் போயிருக்கிறதோ தெரியாது. யாராவது முதலையைப் பற்றிப் புகழ்ந்தால், அது எங்கப்பா கைவரிசை என்று சொல்லிவிடு.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? எனக்குச் சொல்ல இருப்பது என் தப்பில் இருந்து எடுத்ததுதான். வரப்போகிறவள் தாங்க மாட்டாள் என்று நீயாக முடிவு கட்டி எதையும் மறைக்காதே. கெட்ட சேதியாக இருந்தாலும் வந்த அன்றே சொல். அவள் அழுதால் பக்கத்தில் உட்கார், கோபப்பட்டால் கேட்டுக்கொள். அழுகையையும் கோபத்தையும் நீயே முன்கூட்டி எடுத்துவிட்டால், அவள் உன்னோடு வாழவில்லை, நீ சொல்லும் கதையோடு வாழ்கிறாள் என்று ஆகிவிடும். என் மேல் உனக்குக் கோபம் வந்திருக்கும். வரவேண்டியதுதான். அடக்கி வைக்காமல் வந்து என்னிடம் கத்து. உன் முடிவில் ஒரு வரியைக்கூட மாற்றாதே, யார் கேட்டாலும், நானே கேட்டாலும்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. உன் அம்மா புத்தகத்தை மூடியதும், பின் சீட்டில் இருந்து பரமேஸ்வரி எழுந்தாள். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள், பழைய பாகங்களைப் பதிவில் வாங்கிக் கேட்டவள், இதுவரை கதையைப் பற்றி வாயே திறந்ததில்லை. "அண்ணி, எல்லாரும் போனப்புறம் அந்தச் சமையக்காரி சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். உன் அம்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதற்குப் பின்னால் வெற்றுத் தாள்தான் இருந்தது. "எழுதலியேம்மா" என்றாள். பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள், தூங்கி எழுந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்து நானும் அவளைக் கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த பஸ்ஸுக்கு நானாக ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லப் போவதில்லை. நான் மேடையில் இருந்தேன், எனக்குத் தெரியாது. அங்கே அவள் பக்கத்தில் இருந்தவன் நீ ஒருவன்தான். சொல், மகனே. அன்றைக்கு உன் அம்மா சாப்பிட்டாளா?

அப்பா